குழந்தையின் முதல் பிறந்தநாள் அழைப்பிதழை எப்படி எழுதுவது? – நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகளுக்கு ஒரு வயது நிறைவடைகிறது. சனிக்கிழமை காலை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் முடியிறக்கிக் காது குத்துகிறார்கள். அன்றிரவு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள பாலாய் ராயா எனும் பொது மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து. அச்சகத்தில் காட்டிய மாதிரி "நிகழும் மங்களகரமான" என்று தொடங்குகிறதாம். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, அன்பளிப்பு வேண்டாம் என்பதை யார் மனமும் நோகாமல் எப்படிச் சொல்வது, மலாய்க்கார அண்டை வீட்டாரையும் அழைப்பதால் எதையாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த மாதிரி திருமணப் பத்திரிகைக்காக எழுதப்பட்டது. தமிழ் ஆண்டு, திதி, நட்சத்திரம், லக்கினம் ஆகியவை முகூர்த்தத்தை அறிவிப்பதற்காக அதில் இடம்பெறுகின்றன. காது குத்துவதற்கு நல்ல நேரம் பார்த்திருப்பீர்கள் என்பதால், காலை நிகழ்ச்சிக்கு அந்த நடை ஓரளவு பொருந்தும். கேக் வெட்டுவதற்கு யாரும் லக்கினம் பார்ப்பதில்லை. ஆகவே அட்டையை இரண்டு பகுதியாகப் பிரித்துவிடுங்கள். மேல் பகுதியில், "எங்கள் அன்பு மகளின் முதலாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, சனிக்கிழமை காலை 9.00 மணிக்குத் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில், தாய்மாமன் மடியில் காதணி விழா நடைபெறும்" என்று எழுதலாம். கீழ்ப் பகுதியில், "அன்றிரவு 8.00 மணிக்குத் தாமான் பாலாய் ராயாவில் நடைபெறும் பிறந்தநாள் விருந்துக்கும் வருகை தந்து, குழந்தையை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்" என்றால் போதும். சிலரைக் கோவிலுக்கு மட்டும் அழைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரே அட்டையை இரு தரப்புக்கும் கொடுக்காதீர்கள். விருந்துக்கு அழைக்கப்படாதவரின் கையில் விருந்து விவரம் இருப்பது நன்றாக இராது.

குழந்தையின் ஜென்ம நட்சத்திரம் வேறு நாளில் வந்து, கோவில் அர்ச்சனையை அன்று செய்துவிட்டு, விருந்தை மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கும் குடும்பங்களும் உண்டு. அப்படியானால் அர்ச்சனை நாளை அட்டையில் குறிப்பிட வேண்டாம். இரண்டு தேதிகளைப் பார்த்தவர்கள் எந்த நாளுக்கு வருவது என்று உங்களைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது, "சுற்றமும் நட்பும் சூழ" என்ற தொடரைப் பார்ப்போம். கேட்பதற்கு இனிமையான தொடர்தான். ஆனால் தோட்டத்து மக்கள் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டுக்கு அட்டை போனால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதிப் பேர் வருவதும், அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் நீங்கள் தவிப்பதும் நடக்கும். சமையல்காரரிடம் தலைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கும்போது அது பெரிய சுமை. எனவே "தங்கள் குடும்பத்துடன்" என்று எழுதி, உறையின் மேல் குடும்பத் தலைவரின் பெயரையும் துணைவியாரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். "எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை இந்தத் தேதிக்குள் வாட்சாப்பில் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்" என்று ஒரு வரியைச் சேர்ப்பதில் கூச்சம் வேண்டாம். அந்தத் தேதி, சமையல்காரருக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டிய நாளுக்கு இரண்டு நாளாவது முன்னதாக இருக்கட்டும்.

அன்பளிப்பைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்பது அறிவிப்புப் பலகையில் எழுதியதுபோல் இருக்கிறது. "தங்கள் வருகையும் ஆசியுமே எங்கள் குழந்தைக்குப் பெரும் பரிசு, வேறெதுவும் வேண்டாம்" என்று எழுதினால் பொருளும் தெளிவாக இருக்கும், உறவும் கெடாது. அப்படி எழுதிவிட்டு, வாசலில் அங்பாவ் (பண உறை) பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள்! பெட்டியைப் பார்த்ததும் வெறுங்கையோடு வந்தவர் சங்கடப்படுவார்.

மலாய் அண்டை வீட்டாருக்கு அதே செய்தியை மலாயில் எழுதித் தனி அட்டையாகக் கொடுப்பது நல்லது. விருந்து 8.00 மணிக்கு என்று மேலே நான் சொன்னதும் அவர்களை நினைத்துத்தான். தீபகற்ப மலேசியாவில், சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிப் தொழுகை ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் வருகிறது, 7.00 மணிக்குக் கேக் வெட்டினால் அவர்கள் வர இயலாது, நம் வீடுகளிலும் அது விளக்கேற்றும் நேரம். உணவைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் பெற்ற சமையல் நிறுவனத்திடம் சொல்லியிருந்தால் மட்டுமே அதைக் குறிப்பிடுங்கள். வீட்டுச் சமையல் என்றால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல், என்ன உணவு, யார் சமைக்கிறார்கள் என்பதை நேரில் சொல்லிவிடுங்கள். நாள் புரட்டாசியில் விழுந்தால் "சைவ விருந்து" என்று அச்சிடுங்கள். விரதம் இருப்பவர்கள் தயங்காமல் வருவார்கள்.

குழந்தையின் முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த மாநிலம், புகைப்படம், வீட்டு முகவரி அனைத்தையும் ஒரே அட்டையில் போட்டு, அதன் படத்தை முகநூலில் பகிர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். குழந்தைகளுக்கான அடையாள அட்டையான மைகிட் அட்டையில் உள்ள 12 இலக்க எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த 2 இலக்கங்கள் பிறந்த இடத்தின் குறியீடு. இவற்றை நாமே ஊருக்கு அறிவித்துவிட்டால் அந்த எண்ணில் மீதி இருப்பது 4 இலக்கங்களே. வீட்டில் அழைக்கும் பெயரும் "முதல் பிறந்தநாள்" என்ற குறிப்பும் போதும்.

இடத்தைக் குறிப்பிடும்போது, பாலாய் ராயாவுக்கு லோரோங் (சந்து) எண்ணுடன், தமிழ்ப்பள்ளிக்கு எதிரில் என்பது போன்ற அடையாளமும் கொடுங்கள். காலை நிகழ்ச்சிக்குத் தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு) கோவில் என்பதை மறக்காமல் எழுதுங்கள். செம்பனைக் காட்டுக்குள் வழிகாட்டிச் செயலியான வேஸ் சில இடங்களில் கம்பெனிச் சாலையைக் காட்டிவிடும், அங்கே தடுப்புக் கம்பத்தில் ஜாகா (காவலாளி) நிறுத்துவார். வாசலில் பேசி அனுமதி வாங்கிவிட்டு, "காதணி விழாவிற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னால் உள்ளே விடுவார்கள்" என்ற வரியை வாட்சாப் செய்தியில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.