சாம்பல் மேடு

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லாரியிலிருந்து ஹோஸ்பேட்டை போகும் வழியில் குடதினி என்று ஓர் ஊர் வரும். அங்கே ஒரு மேடு இருக்கிறது. தூரத்தில் பார்த்தால் வெறும் மண்மேடு. கிட்டே போனால்தான் சாம்பல் என்று தெரியும். சில இடங்களில் தொட்டாலே மாவாக உதிரும். சில இடங்களில் உருகி இறுகி, கொல்லன் உலையில் மிஞ்சும் கசடு போலக் கிடக்கும்.

வட கர்நாடகத்திலும் அதை ஒட்டிய ஆந்திர, தெலங்கானா பகுதிகளிலும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மேடுகள் உண்டு. பீமன் இடும்பனை எரித்த சாம்பல் என்பார்கள். ஹம்பி பக்கத்தில் நிம்பாபுரத்தில் கேட்டால், வாலியைத் தகனம் செய்த இடம் என்பார்கள். இந்தக் கதைகளை நான் மதிக்கிறேன். இங்கே பெருநெருப்பு எரிந்தது என்ற முக்கியமான செய்தி அவற்றுக்குள் இருக்கிறது.

படித்தவர்களும் தடுமாறத்தான் செய்தார்கள். எரிமலை என்றார்கள், இரும்பு உருக்கிய உலை என்றார்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர்தான் இது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று சரியாக ஊகித்தார். 1957இல் தொல்லியல் ஆய்வாளர் ஆல்சின் தெலங்கானாவின் உட்னூரில் இப்படி ஒரு மேட்டைத் தோண்டியபோது, கம்பங்கள் நட்ட குழிகள் வரிசையாக வந்தன. சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மாட்டுக் குளம்புத் தடங்கள்! புதிய கற்காலத்து மாட்டுப்பட்டி அது. எரிந்திருக்கிறது, மறுபடி கட்டியிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது.

சரி, சாணம்தான். ஏன் எரித்தார்கள்? நம் ஊரில் வயலில் கிடை போடக் காசு கொடுத்துக் கூப்பிடுகிறோம். அவர்களும் தானியமும் பயறும் விளைவித்தவர்கள்தான். அப்படியிருந்தும் அவ்வளவு எருவைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். விபத்து என்றால் ஒருமுறை நடக்கும், இருமுறை நடக்கும். இத்தனை அடுக்குக்கு அந்த விளக்கம் போதாது. ஆண்டுதோறும் மூட்டிய சடங்கு நெருப்பு என்றார் ஆல்சின். மைசூர்ப் பக்கம் சங்கராந்தியன்று மாடுகளைத் தீத் தாண்ட வைப்பதை இன்றும் பார்க்கலாம். நாலாயிரம் வருட இடைவெளியை ஒரு வழக்கத்தைக் கொண்டு தாண்டிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. காரணம், வட கர்நாடகத்துப் புதிஹாள் சாம்பல் மேட்டில் தொல்லியல் ஆய்வாளர் பத்தய்யா செய்த அகழாய்வு. பட்டியை ஒட்டியே வீடுகள், மாடுகளை அறுத்துக் கூறுபோட்ட தளம். ஊர் கூடித் தின்ற இடம் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் அந்த மேடு குப்பையாகச் சேர்ந்ததல்ல, தெரிந்தே வளர்த்தது.

இந்த மேடுகளில் பல இன்று வயலுக்கு மண்ணாகக் கரைந்து போய்விட்டன. எத்தனை முறை எரிந்தது, ஒரு நெருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மாடுகள் எவ்வளவு காலம் அங்கே நின்றன என்பதெல்லாம் அந்த அடுக்குகளின் வரிசையில்தான் இருக்கிறது. வண்டியில் அள்ளிப் போட்டதும் அந்த வரிசை கலைந்துவிடுகிறது.

நன்றி. வணக்கம்.