எலி கீச்சிட்ட பெரிய வெள்ளி

நேயர்களுக்கு வணக்கம். பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வானொலி நிலையத்தில் இருந்தவர்களே கொஞ்சம் யோசித்தார்கள், இதைக் கேட்க யார் இருப்பார்கள் என்று. இருக்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை கொயர் இல்லாத சபை நம் மாவட்டத்தில் குறைவு, கொயர் இருக்கிற இடத்தில் கீபோர்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று நான்கு கம்பியை வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனும் இருப்பான். அவனுக்காகத்தான் பேசுகிறேன். அவனைப் பெற்றவர்களுக்காகவும், ஏனென்றால் கம்பிக்குக் காசு கொடுப்பது அவர்கள்தான்.

கம்பியில் இரண்டு வகை. இரண்டிலும் உள்ளே ஒரு எஃகுக் கம்பி ஓடும், அதன்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். நகத்தால் உரசிப் பாருங்கள், சீப்பைத் தேய்த்த மாதிரி சர்ரென்று சத்தம் வரும். தட்டையான நாடாவைச் சுற்றியிருந்தால் ஃபிளாட்வவுண்ட். கிரிக்கெட் மட்டைப் பிடியில் நாடா சுற்றுவோமே அது போல, ஆனால் மேடுபள்ளமே தெரியாது. கடையில் வாங்கும் பேஸில் பெரும்பாலும் ரவுண்ட்வவுண்ட்தான் மாட்டி வருகிறது. பேஸ் கிட்டார் பிறந்த காலத்தில் அப்படி இல்லை. 1951-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது ஃபிளாட்தான். 1960-களின் நடுவில் லண்டன் பக்கம் ரோட்டோசவுண்ட் கம்பெனி ரவுண்ட்வவுண்டைக் கொண்டுவந்து, தி ஹூ ராக் குழுவின் பேஸ் வாசிப்பவர் ஜான் என்ட்விசில் அதை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கணீர் சத்தம் பரவியது.

இனி என் கதை. என் வீடு முட்டம் பக்கம், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பல வருடம் முன்பு ஒரு பெரிய வெள்ளிக்கு, நல்லா வாசிக்கணும் என்கிற ஆசையில், முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து புத்தம்புது ரவுண்ட்வவுண்ட் செட் ஒன்றை மாட்டினேன். பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பாட்டு. எல்லாம் மெதுவான பாட்டுகள், இடையிடையே அமைதி. மின்விசிறிச் சத்தம் கூடக் கேட்கும். நான் கிட்டார் கழுத்தில் ஒரு கட்டையிலிருந்து, அதாவது ஃபிரெட்டிலிருந்து, இன்னொரு கட்டைக்கு விரலை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கீச், கீச். முதலில் கேபிள் மேல் சந்தேகப்பட்டேன். மூன்றாம் வார்த்தைக்கும் நாலாம் வார்த்தைக்கும் நடுவில் குனிந்தபடியே கேபிளை மாற்றினேன். ஐந்தாம் வார்த்தையிலும் கீச். ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அக்கறையாக, "மக்களே, அந்தப் பெட்டிக்குள்ள எலி ஏதும் கெடக்கா? பாவம், பாட்டு நிக்கும்போதெல்லாம் கெடந்து கத்துது" என்றார். பக்கத்தில் நின்ற கொயர்க்காரர்கள் பெரிய வெள்ளி என்பதையும் மறந்து சிரித்தார்கள்.

எலி என் விரலில்தான் இருந்தது. புது ரவுண்ட்வவுண்டில் விரல் வழுக்கினால் அந்தக் கீச்சு வரத்தான் செய்யும்.

அந்த வருடமே களியக்காவிளை பக்கம் ஒரு கானமேளாவில் என்னைவிட மூத்த ஒரு பேஸ் வாசிப்பவரின் கிட்டாரை வாங்கித் தொட்டுப் பார்த்தேன். கம்பி கண்ணாடி மாதிரி இருந்தது. "எப்ப மாத்துனீங்க அண்ணே?" என்றேன். "மக ஒண்ணாங்கிளாஸ் சேரும்போது போட்டது தம்பி, இப்ப அவ காலேஜ் முடிச்சாச்சு" என்றார். வாசித்துக் காட்டினார். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தபோது சட்டென்று பிடிபட்டது, வில்லுப்பாட்டுக் குடம். கலைவாணர் பிறந்த ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு நான் வில்லுப்பாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடை நடக்கும் ராத்திரி, தூரத்திலிருந்து நடந்து வரும்போது பாட்டு கேட்காது, உடுக்கை கேட்காது, குடம் மட்டும் தும், தும் என்று நெஞ்சில் வந்து விழும். விழுந்ததும் அடங்கிவிடும். ஃபிளாட்வவுண்ட் அந்தக் குடம்தான்.

சரி, எதை வாங்குவது? நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பாக்கெட்டில் இருக்கும் தடிமன் எண்ணை மட்டும் பார்த்து ஃபிளாட் செட் ஒன்றை வாங்கினேன். மாட்டின மறுநாள் கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பி கட்டைக்கு மேலே தூக்கி நிற்கிறது, அரைமணி நேரத்தில் விரல் கடுக்கிறது. காரணம் டென்ஷன். நம் வீட்டு டென்ஷனைச் சொல்லவில்லை, கம்பி கழுத்தை இழுக்கிற இழுப்பு. தட்டை நாடா இடைவெளி விடாமல் சுற்றுவதால், அதே தடிமன் உள்ள ரவுண்டைவிட ஃபிளாட் பொதுவாகக் கனமாக இருக்கும். கனமான கம்பியை அதே சுருதிக்குக் கொண்டுவர அதிகமாக இழுத்துக் கட்டவேண்டும். ஃபிளாட்டுக்கு ஃபிளாட்டும் வித்தியாசம் உண்டு. தடிமன் எண் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. டி'அடாரியோ குரோம்ஸ் 45 முதல் 100 வரை உள்ள செட், வியன்னாவில் செய்கிற தோமாஸ்டிக் ஜாஸ் ஃபிளாட் 43 முதல் 100 வரை. தடித்த கம்பி இரண்டிலும் 100-தான். ஆனால் தோமாஸ்டிக் கைக்கு ரப்பர் மாதிரி இளகிக் கொடுக்கும், குரோம்ஸ் விறைப்பாக நிற்கும். லா பெல்லாவில் 52 முதல் 110 வரை ஒன்று இருக்கிறது, அது தேர்வடம். ஆகவே தடிமனைப் பார்க்காதீர்கள், டென்ஷனைப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், டென்ஷனைப் பாருங்கள். பல கம்பெனிகள் ஒவ்வொரு கம்பிக்கும் எத்தனை பவுண்டு என்று வெளியிடுகிறார்கள். இப்போது மாட்டியிருப்பதோடு ஒப்பிட்டு, பக்கத்தில் வருவதை எடுங்கள். எதை மாட்டினாலும் கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் டிரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியைக் கால் திருப்பு, கால் திருப்பாகச் சரிசெய்ய வேண்டி வரலாம். பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விலை அதிகம் என்பீர்கள். அதிகம்தான். இங்கேதான் முட்டம் வருகிறது. கடற்கரை வீட்டில் ஜன்னல் கம்பியே நிற்பதில்லை, கிட்டார் கம்பி எங்கே நிற்கும்? ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் உப்பும் போய் உட்கார்ந்து, எனக்கு இரண்டு மாதத்தில் செத்துவிடும். வெந்நீரில் கம்பியைக் கொதிக்கவைத்து உயிர் கொடுப்பார்கள், நானும் மீன்குழம்பு வைத்த அடுப்பிலேயே செய்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபிளாட்டில் அழுக்கு ஒளிய இடம் குறைவு, வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு போதும். பழசாகப் பழசாகத்தான் நன்றாகும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அந்த லா பெல்லா தேர்வடத்தைப் போட்டு, அறுந்தால் தவிர மாற்றமாட்டார். அந்த மனிதர் வலது கையில் ஒற்றை விரலால் வாசித்தவர். அதனால் மாட்டின முதல் வாரத்தில் தகரம் மாதிரி ஒலிக்கிறதே என்று கழற்றிவிடாதீர்கள். புது மண்சட்டியில் கஞ்சித்தண்ணி ஊற்றிப் பழக்குகிறோம் இல்லையா, அந்தப் பொறுமை வேண்டும்.

ஸ்லாப் அடிக்கிற, அதாவது கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிக்கிற பையன்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் ரவுண்டிலேயே இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கட்டையே இல்லாத ஃபிரெட்லெஸ் பேஸைப் பற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், பரவாயில்லை. மரத்தை அரிக்காது என்பதற்காகவே அதில் ஃபிளாட் போடலாம், அவ்வளவுதான். அப்புறம் வாங்கும்போது உங்கள் பேஸில் கம்பி ஒலிக்கும் நீளம் 34 அங்குலமா, 30 அங்குலமா என்று அளந்துவிட்டுப் போங்கள், நுனியில் சுற்றியிருக்கும் கலர் நூல் நட்டை, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளமுள்ள துண்டைத் தாண்டித்தான் தொடங்கவேண்டும், அதன்மேலேயே உட்காரக் கூடாது. கடைசியாக, மிச்சக் கம்பியை அப்படியே வெட்டிவிடாதீர்கள், சில கம்பிகளில் மேல்சுற்று பிரிந்து மொத்தமும் வீணாகும். முதலில் செங்கோணமாக மடக்குங்கள், அதாவது எல் எழுத்து மாதிரி, அப்புறம் அந்த மடிப்புக்கு வெளியே வெட்டுங்கள். மடக்கிவிட்டு வெட்டுங்கள். வணக்கம்.