மதகைத் திறக்கலாமா? டி அண்ட் டி மேசைக்கு ஒரு தர்மசங்கடம்

[காட்சி: மழைச் சத்தம். ஏரிக்கரை வரைபடம். கரை நடுவுல மதகு, கீழே உப்பங்கழி, அதுக்குள்ள ஒரு திட்டு.]

ஏரி நிரம்பிடுச்சு. மதகைத் திறந்தா கீழே இருக்கற திட்டு மூழ்கும். திறக்கலைன்னா கரை உடைஞ்சு, ஊர்க் களஞ்சியத்துல இருக்கற விதைநெல் மொத்தமும் போகும். டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுத்தி உட்காந்து பேசியும் பகடை உருட்டியும் விளையாடற கதை. அந்தக் கதையை நடத்தற டன்ஜன் மாஸ்டர் (டி.எம்.) மேசையைச் சுத்திப் பார்த்து, "என்ன பண்றீங்க?"ன்னு கேக்கறார்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் விளையாடறவங்களுக்கு இந்தக் காட்சியை வர்ணிக்கவே தேவையில்ல. கெடிலம், தென்பெண்ணை, வீராணம்னு தண்ணிக் கணக்கு கேட்டு வளர்ந்தவங்க. டிராகன் குகைக்கு அஞ்சு நிமிஷ வர்ணனை வேணும். மதகுக்கு ஒரு வார்த்தை போதும். அதனால இந்த ஒரே காட்சியை எடுத்து, தர்மசங்கடத்தை எப்படிக் கட்டறதுன்னு பாப்போம். விதிகள் 2014 அஞ்சாம் எடிஷன். பார்ட்டியில, அதாவது ஆட்டக்காரங்க நடத்தற பாத்திரங்க கூட்டத்துல, 4 பேர், எல்லாரும் லெவல் 5.

[காட்சி: பசு, ஆராய்ச்சி மணி, தேர்.]

முதல் தப்பு, விஷயத்தை ஒளிச்சு வைக்கறது. பார்ட்டி ஒரு அரக்கனைக் கொல்லுது. அப்புறம் டி.எம். சிரிச்சுக்கிட்டே, "அது சாபம் பட்ட சின்னப் பையன்"னு சொல்றார். இது தர்மசங்கடம் இல்ல, பொறி. மனுநீதிச் சோழன் கதையைப் பாருங்க. கன்னு யார் தேர்ல அடிபட்டுச்சு, தேர்ல இருந்தது யார் பையன், எல்லாம் தீர்ப்புக்கு முன்னாடியே ராஜாவுக்குத் தெரியும். துப்பறிய ஒண்ணுமில்ல, முடிவு எடுக்கறது மட்டும்தான் பாக்கி. கதைக் கடைசியில சிவபெருமான் வந்து கன்னையும் பையனையும் எழுப்பிடறார். கோயில் கதைக்கு அது சரி. மேசையில டி.எம். அதே அருளைக் காட்டினா, அடுத்த தடவை யாரும் யோசிக்கவே மாட்டாங்க.

அதனால மதகைப் பாத்துக்கற நீர்க்கட்டி மொதல்லயே உடைச்சுச் சொல்லிடணும்: "தம்பி, இன்னும் ஒரு மணி நேரம்தான் கரை தாங்கும். திட்டுல 180 பேர். கட்டியிருந்த படகெல்லாம் கயிறறுந்து போச்சு, மிச்சம் ரெண்டு." அவர் சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஏன்னா பார்ட்டி உடனே ஸோன் ஆஃப் ட்ரூத்ங்கற மந்திரத்தைப் போட்டுப் பாக்கும். 15 அடி ஆரம், 10 நிமிஷம். சேவ், அதாவது மந்திரத்தை எதிர்க்கற பகடை, தோத்தவர் அதுக்குள்ள தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் போட்டு, "இவர் கெட்டவரா?"ன்னு கேட்டாங்கன்னா நினைவுபடுத்துங்க: அந்த மந்திரம் பேய், பிசாசு, தேவகணம் மாதிரி வகையைத்தான் காட்டும், மனுஷன் மனசைக் காட்டாது.

ரெண்டாவது தப்பு, ரெண்டு பக்கமும் வெறும் தலைக்கணக்கு. 30 பேரா 2000 பேரான்னு வச்சா, மேசை ரெண்டே நிமிஷத்துல கழிச்சுப் பாத்துட்டு மதகைத் திறந்துடும். தட்டு ரெண்டுலயும் வேற வேற சரக்கு இருக்கணும். இங்க ஊர் ஜனம் கோட்டை மேட்டுக்கு ஏறிட்டாங்க, உயிருக்கு ஆபத்தில்ல. போறது விதைநெல். அதாவது அடுத்த வருஷப் பட்டினி. திட்டுல இருக்கறது இன்னைக்குப் போற உயிர். இதுக்கு மேல ஒரு பிடி: முதல் செஷன்லயே பார்ட்டிக்குக் கஞ்சி ஊத்தி, ஒரு ராத்திரி தங்க வச்சது அந்தத் திட்டு ஜனம்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு யாரும் வாயால சொல்ல வேண்டாம், தானா நினைப்பு வரும்.

[காட்சி: 6 கட்டம் போட்ட அட்டை. ஒவ்வொண்ணா நிரம்புது.]

இப்போ கணக்கு. இதைப் போடாமத்தான் பல சாகசம் கவுந்துடுது.

அட்டையில 6 கட்டம் வரைங்க. கட்டத்துக்கு 10 நிமிஷம், கதையிலயும் கடிகாரத்துலயும். ஆறாவது நிரம்பினா கரை போச்சு. ஆக, ஆள் கடத்த 5 கட்டம். படகுக்கு 8 பேர், 2 படகு, கட்டத்துக்கு ஒரு நடை: 80 பேர். அப்புறம் கிளெரிக், அதாவது பார்ட்டியோட பூசாரி, சும்மா இருப்பாரா? வாட்டர் வாக் மந்திரம் 10 பேரைத் தண்ணிமேல நடத்தும். ரிச்சுவலா, அதாவது நிதானமா சடங்கு மாதிரிப் பண்ணா, ஸ்லாட் (மந்திரம் போட இருக்கற எண்ணிக்கை அளவு) வேண்டாம், கூடுதலா 10 நிமிஷம் மட்டும். 5 கட்டத்துல 50 பேர். லெவல் 5 கிளெரிக்கிட்ட மூணாம் நிலை ஸ்லாட் 2 இருக்கு, அதுல இன்னும் 20. மொத்தம் 150. திட்டுல 120 பேர்னு எழுதியிருந்தா, உங்க தர்மசங்கடத்தை ஒரு மந்திரம் முழுங்கிடும். 180 எழுதினதாலதான் 30 பேர் மிஞ்சறாங்க.

இதுக்கும் மேல யாராவது அசல் யோசனையோட வந்தா தடுக்காதீங்க, விலை மட்டும் சொல்லுங்க. மூணாவது வழியே கிடையாதுன்னு அடம்பிடிக்கற டி.எம். கூட விளையாடறது கொடுமை.

பகடை எங்க வருது? மதகைத் திறக்கலாமாங்கற முடிவுல வரவே கூடாது. அது ஆட்டக்காரங்க தலைமேல இருக்கட்டும். ஷட்டர் துருப்பிடிச்சிருக்கு, ஏத்தறதுக்குத்தான் பகடை. 20 முகப் பகடையில விழறதோட பாத்திரத்தோட கூட்டல் எண்ணைச் சேர்த்துப் பாக்கணும், ஸ்ட்ரெங்த் (பலம்) இலக்கு 15. மொத்தம் +5 இருக்கற ஃபைட்டருக்கு 10 அல்லது மேல விழணும், 55 சதவீதம். இன்னொருத்தர் கைகொடுத்தா அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிப் பெருசை எடுக்கறது), கிட்டத்தட்ட 80. ஆனா கைகொடுக்கறவர் படகை விட்டு வரணும். தோத்தா ஒரு கட்டம் நிரம்பும். அஞ்சாவது கட்டம் வரைக்கும் காத்திருந்து ஒரே தடவை தோத்தா கரை உடையும். நாலாவதுலயே முயற்சி பண்ணா ஒரு தோல்வியைத் தாங்கலாம், ஆனா படகுல 16, கிளெரிக்கால 10, ஆக 26 பேர் கூடுதலா மாட்டுவாங்க. மேசை சூடாகறது இந்த இடத்துலதான். குரல் பெருசா இருக்கறவரே முடிவு பண்ணிடுவார், அதனால பேசாம உட்காந்திருக்கறவர்கிட்ட முதல்ல கேளுங்க.

அலைன்மென்ட், அதாவது பாத்திரம் எந்த தர்மத்துப் பக்கம்ங்கறது, அதைப் பத்தி ஒரு வார்த்தை. 1974-ல சட்டம், நடுநிலை, குழப்பம்னு 3 இருந்துச்சு. 1978 விதிப் புத்தகத்துல 9 ஆச்சு. பாலடின், அதாவது புனித வீரன், தெரிஞ்சே தீமை செஞ்சா பட்டம் பறிபோகும்னு அப்போ விதி. பாலடினைக் கவுக்கறதுக்குன்னே சாகசம் எழுதற பழக்கம் அதுல வந்ததுதான், விட்டொழிங்க. மதகைத் திறந்தவரையும் தண்டிக்காதீங்க, திறக்காதவரையும் தண்டிக்காதீங்க. எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) ரெண்டு பேருக்கும் சமம்.

விளைவு மட்டும் கண்டிப்பா வரணும், அன்னைக்கே வேண்டாம். ரெண்டு செஷன் கழிச்சு, சந்தையில ஒரு திட்டுக்காரப் பாட்டி பார்ட்டியை அடையாளம் கண்டு மீன் விக்க மறுக்கட்டும். இல்லைன்னா களஞ்சியத்து வாசல்ல காலிச் சாக்கோட வரிசை நிக்கட்டும். ரெண்டு பாதைக்கும் மும்மூணு வரி முன்னாடியே எழுதி வச்சுக்கங்க.

[காட்சி: மேசை நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்டை.]

இதை விளையாடறதுக்கு முந்தின வாரமே கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2004 சுனாமி கடலூர் தேவனாம்பட்டினத்துக்குள்ள வந்தது, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். இந்த மாவட்டத்துல தண்ணி எல்லாருக்கும் விளையாட்டு இல்ல. "வெள்ளம் வர்ற கதை, ஓகேவா?"ன்னு ஒவ்வொருத்தரையும் தனியாக் கேளுங்க, குரூப்ல கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கின எக்ஸ் கார்டையும் மேசையில வைங்க. யார் தொட்டாலும் காரணம் கேக்காம அந்தக் காட்சியைத் தாண்டிடணும்.

ஒருத்தர் வேண்டாம்னாலும் ஏரியைக் காட்டுத்தீயா மாத்திடுங்க. மதகுக்குப் பதிலா, காத்து திரும்பறதுக்குள்ள வைக்க வேண்டிய எதிர்த்தீ. படகுக்குப் பதிலா மாட்டுவண்டி, அதே 8 பேர். வாட்டர் வாக் இங்க உதவாது, அதனால கிளெரிக்கோட 70 பேரைக் கழிச்சு, 180-ஐ 110 ஆக்கிடுங்க.