காலியான சங்கு நிலம் ஏன் சீக்கிரம் நிரம்புவதில்லை?

[காட்சி: மணலில் பாதி புதைந்த உயிர்ச்சங்கு]

பூஜையறையில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சங்கைக் கடலடியில் பார்த்தால் அடையாளமே தெரியாது. உயிரோடு இருக்கையில் மேலே பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும், வாயில் கெட்டியான மூடி இருக்கும். மன்னார் வளைகுடாவில், பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில், சங்கு குளிப்பவர்கள் 'பூச்சி மணல்' என்று சொல்லும் மென்மணலில் இது வாழ்கிறது. பூச்சி என்றால் மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்கள். சங்குக்கு அதுதான் சாப்பாடு. புழு இல்லாத மணலில் சங்கைத் தேடிப் பயனில்லை.

[காட்சி: முட்டைக்கூடு, அருகில்]

ஆட்டுக்கொம்பு போல முறுக்கிக்கொண்டு மணலில் நிற்கிறதே, இதற்குச் 'சங்குப் பூ' என்று பெயர். பூ இல்லை, முட்டைக்கூடு. அடுக்கடுக்கான அறைகள், ஒவ்வொன்றிலும் நிறைய முட்டைகள். அவற்றில் சில மட்டுமே குஞ்சாகும், மற்றவை அந்தக் குஞ்சுகளுக்கு இரை.

இங்கேதான் விஷயம். சிப்பியின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து தொலைவுக்குப் போகும். சங்கின் குஞ்சு மிதப்பதே இல்லை. கூட்டைவிட்டு வெளியே வரும்போதே ஓட்டோடு ஊர்ந்துதான் வருகிறது. அதனால் ஓர் இடத்தில் மொத்தமாக அள்ளிவிட்டால், வேறிடத்துக் குஞ்சுகள் மிதந்து வந்து அதை நிரப்ப வழியில்லை. பக்கத்தில் இருப்பவை ஊர்ந்து வந்தால்தான் உண்டு.

[காட்சி: மரப்பலகையில் வட்டத் துளை]

அளவுத் துளை பிறந்த காரணமும் இதுதான். பழைய தூத்துக்குடி சங்குக் கொட்டிலில் இரண்டேகாலும் அரைக்காலும் சேர்ந்த அங்குலம் (2⅜), அதாவது சுமார் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் ஒவ்வொரு சங்கையும் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே நுழைந்தால் சின்னது, கடலுக்கே திரும்பும். இலங்கையில் 70 மில்லிமீட்டர். அளப்பது நீளத்தை அல்ல, வயிற்றின் அகலத்தை. வால் நீளமாக இருப்பதைப் பார்த்துப் பெரிய சங்கு என்று எண்ணி ஏமாறுவது இதில்தான்.

திருப்பி விடுவதிலும் முறை உண்டு. கரை சேரும்வரை வெயிலில் கிடந்த சங்கு பிழைப்பது அரிது. ஈரச்சாக்கு போட்டு மூடி, எடுத்த மணல்மேலேயே விட வேண்டும்; பாறைமேல் போட்டால் அதற்கு இரையும் இல்லை, புதைய இடமும் இல்லை. இழுவை மடி வலையில் சிக்குபவற்றுக்கு இந்த வாய்ப்பே குறைவு. மடி பெரியது சின்னது பார்க்காது, சங்குப் பூவையும் சேர்த்தே பிடுங்கும்.

[காட்சி: மன்னார் வளைகுடாத் தீவுகளின் வரைபடம்]

சங்கு குளிக்க மீன்வளத்துறை உரிமம் வேண்டும். 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் எடுக்கக் கூடாது, செத்த ஓட்டைக்கூட. ஐவிரல் சங்கு வகைகள் பல 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. கடையில் பகிரங்கமாகத் தொங்குகிறது என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது.

[காட்சி: இரண்டு சங்குகள், வாய் நம்மைப் பார்த்து]

வலம்புரி என்று விற்பதையும் பார்த்துவிடுவோம். சுருள் மேலே, வால் கீழே வைத்தால் சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் திறக்கும், வலம்புரிக்கு இடப்பக்கம். ஆனால் மெக்சிகோ வளைகுடாவின் ஒரு நத்தைக்கு இயல்பாகவே வாய் இடப்பக்கம்தான். அது வலம்புரி விலைக்குப் போகிறது. வாய்க்குள் நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்குக்கு அங்கே மூன்று நான்கு தடித்த வரிகள் இருக்கும். வழுவழுவென்று இருந்தால் அது வேறு நத்தை.