ஆறடிச் சாய்தளம்

(கட்டடப் பொறியாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகள் கட்டடத்துக்குள் சிரமமில்லாமல் வந்துபோவதற்கான விதிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொடுத்தேன். வாசலில் மூன்று படி. பக்கத்தில் சக்கர நாற்காலிக்கென்று ஆறடி நீளத்தில் ஒரு சாய்தளம், பளபளவென்று கிரானைட். திறப்பு விழாவுக்குச் சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல யாராவது ஏறிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் படி வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பைக் ஏற்ற மட்டும் அந்தச் சாய்தளம் ரொம்ப உதவியது.

கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளம் வேண்டும். நான் போட்டது ஒன்றுக்கு நாலு. ஏறும்போது முன்சக்கரம் தூக்கும், இறங்கும்போது ஆள் முன்னால் சரிவார். மழை பெய்த கிரானைட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் பிளானில் 'ராம்ப்' என்று எழுதியிருந்தது, அப்ரூவலும் வந்துவிட்டது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, அணுகல் தரத்தைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் கூடாது, நிறைவுச் சான்றிதழும் கூடாது என்கிறது. அந்தத் தரம் எது என்றால், அந்தச் சட்டத்துக்கான 2017 விதிகளின் 15ஆவது விதி வழிகாட்டு நெறிமுறைகளைக் கைகாட்டியது. அவற்றில் பல இடங்களில் 'செய்தால் நல்லது' என்கிற பாஷை. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்றது. கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் விதி வகுக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசித்தே அதைச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

கலந்தாலோசிப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? ஒருமுறை ஒரு வரைவுக்குக் கருத்துக் கேட்டு அறிவிப்பு வந்தது. முழுக்க ஸ்கேன் செய்த பிடிஎஃப், எழுத்தெல்லாம் வெறும் படம். பார்வையற்ற நண்பர் ஒருவரின் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள், அதைத் திறந்து, 'காலிப் பக்கம்' என்று வாசித்தது!

அந்த மண்டபத்து மனிதரை அப்புறம் தேடிப்போய்ப் பழக்கம் பிடித்தேன். இப்போது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் அவரை சைட்டுக்குக் கூப்பிடுகிறேன். ஒரு கிளினிக் கழிப்பறை. கதவு 900 மில்லிமீட்டர், கைப்பிடிக் கம்பிக்கு இடம், எல்லாம் புத்தகப்படி. கதவு திறக்கும் வளைவைத் தரையில் சாக்பீஸால் போட்டிருந்தேன். உள்ளே போய் நாற்காலியை நிறுத்தினார். வளைவு அவருடைய நாற்காலியின் கால் வைக்கும் பலகை மேலேயே போயிற்று. "நான் உள்ள வந்தா கதவை எப்படிச் சாத்துறது?" கோட்டை அழித்துக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வரைந்தேன். செலவு, ஒரு சாக்பீஸ்.

அவரை மட்டும் கேட்டாலும் போதாது. நடைபாதை ஓரத்தில் திட்டே இல்லாமல் சாலையோடு சமமாக இறக்கச் சொல்வார் அவர். பார்வையற்ற நண்பருக்கோ அந்தத் திட்டுதான் சாலை எங்கே தொடங்குகிறது என்று கம்புக்குச் சொல்கிற அடையாளம். புடைத்த புள்ளி வைத்த எச்சரிக்கை டைல்ஸ் இருந்தால் இரண்டு பேருக்கும் சரியாக வரும். ஒருவரை மட்டும் கேட்டிருந்தால் மற்றவர் சாலையில் இறங்கியிருப்பார்.

"இடம் எங்கே சார்?" என்பீர்கள். நியாயம்தான். சாலை போடப் போட உயர்கிறது, வெள்ளத்துக்குப் பயந்து நாமும் பிளிந்தை, அதாவது கட்டடத்தின் அடித்தள உயரத்தை, உயர்த்துகிறோம், ராம்ப் நீள்கிறது. நடுவில் சமதளம் விட்டு மடக்கிப் போடலாம். சின்ன மனையில் அதுவும் சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். விதிகளுக்கு நாம் அனுப்பும் கருத்தில் எவ்வளவு சிரமம் என்பதையும் எழுதுவோம்.

அடுத்த மாதம் நம் கருத்துகளை எழுத உட்காரும்போது அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். இந்த மாடி அரங்குக்கு லிஃப்ட் இல்லை. அதனால் கூட்டம் கீழே, கார் நிறுத்துமிடத்தில். ஆளுக்கொரு அளவு டேப் கொண்டுவாருங்கள்.