வியாழக்கிழமைக் காலை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, இரவு இவ்வளவு நேரமான பின்னும் பந்தலில் அமர்ந்திருக்கும் வலங்கைமான் பகுதிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கிராமத்தார் தடுப்பூசிக்குத் தயங்குவது அறியாமையாலா, கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லாமையாலா என்பது இன்றைய தலைப்பு. ஊசி வேண்டும் என்பதில் இரு அணிக்கும் ஒரே கருத்துதான். ஆளில்லாமையே காரணம் என்பது எங்கள் வாதம்.

எனக்கு முன் பேசிய சகோதரி, அம்மை கண்டால் வேப்பிலை செருகி மாரியம்மனை வேண்டுகிற ஊருக்குள் அறிவியல் எப்படி நுழையும் என்று கேட்டார். பங்குனியில் இங்கே பாடைக்காவடி எடுக்கிறோம். நோயிலிருந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்து அம்மன் சந்நிதிக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கும் எழுபது வயதுப் பெரியவர் எவருடைய கையையும் பாருங்கள், அம்மை குத்திய தழும்பு, அதாவது பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு, இருக்கும். வேண்டுதலையும் செலுத்தினார்கள், அம்மையும் குத்திக்கொண்டார்கள். 1975ஆம் ஆண்டோடு இந்நாட்டில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆடியில் கூழ் ஊற்றிய குடும்பங்களுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

படித்தவர்களுக்குத் தயக்கம் இராது என்றும் சொல்ல முடியாது. 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதியவர், கவர்னர் ஜெனரலாகவும் முதலமைச்சராகவும் இருந்த ராஜாஜி. அவர் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவரை அறியாதவர் என்று யார் சொல்வார்கள்?

நடுவர் அவர்களே, குழந்தைக்கு ஊசி என்றால் யோசிக்கிற அதே விவசாயி, கோமாரி ஊசி முகாம் என்று தண்டோரா போட்டால் விடிவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிற்கிறார். நோய் வருமுன் ஊசி போட வேண்டும் என்ற தத்துவம் அவருக்குத் தெரியாததல்ல. ஊசி போட்டால் இரண்டொரு நாள் கறவை குறையலாம், பிறகு சரியாகிவிடும் என்று கால்நடை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். சொன்னபடியே நடப்பதால் அடுத்த முறையும் அவரை நம்புகிறார்கள். மாட்டுக்குக் கிடைக்கிற அந்த இரண்டு வாக்கியம் குழந்தையின் தாய்க்குக் கிடைக்கிறதா?

ஊசி போடும் நாள் புதன்கிழமை. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் தொடையில் போடும் ஊசிக்குப் பின் காய்ச்சல் வருவது பெரும்பாலும் இயல்பானது, ஓரிரு நாளில் தணிவது. அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டால், இரவு முழுவதும் அனலாய்க் கொதிக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருப்பவள் அந்தத் தாய்தான். சம்பா நடவுக் காலத்தில் மறுநாள் கூலியும் போகிறது. அவள் இடத்தில் வேறு ஆளையும் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த தவணைக்கு அவள் வராவிட்டால் அதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோதும், பொய் படுக்கை வரை வந்தது. மெய் அவ்வளவு தூரம் வரவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில், “சிரிச்சுக்கிட்டிருந்த புள்ளைய ஊசி போட்டுக் கொதிக்க வச்சுட்டாங்களே, இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது” என்று ஒரு மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக் காலை கிராம சுகாதார செவிலியர் அந்த வீட்டுத் திண்ணைக்கு வந்தார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு அந்த நோயோடு சண்டை போடப் பழகுகிறது, அந்தச் சூடுதான் இது என்றார். காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு என்று காட்டினார். பால் குடிக்க மறுத்தாலோ வலிப்பு வந்தாலோ நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள் என்று தம் எண்ணைத் தந்தார். “உன் புள்ளைக்குப் போட்டியாம்மா?” என்று மாமியார் கேட்க, தம் மகளுடைய தடுப்பூசி அட்டையைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார்.

பத்தாம் வாரத்துப் புதன்கிழமை மருமகள் நடவுக்குப் போய்விட்டாள். பேரனைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு வந்தவர் அந்த மாமியார். இடைப்பட்ட நான்கு வாரத்தில் அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்ந்து படித்துவிட்டு வரவில்லை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.