இன்புளுவன்சா ஊசி போட்டதற்கு எது சாட்சி?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

இன்புளுவன்சாத் தடுப்பூசியை ஒருவர் போட்டுக்கொண்டாரா என்பதை அறிய அவருடைய வாய்ச்சொல், வைத்தியசாலைப் பதிவு, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, கையிலுள்ள அட்டை எனப் பல சான்றுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தவறும் விதம் வேறு.

முதலில் வாய்ச்சொல். பிற நாடுகளில் செய்த ஒப்பீடுகளின்படி, ஊசி போட்டவர்கள் பெரும்பாலும் அதை மறப்பதில்லை. போடாதவர்களில் ஒரு பகுதியினர்தான் போட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள். இது எப்படி நேர்கிறது என்பது மட்டக்களப்பில் கிளினிக் நடத்தும் எவருக்கும் விளங்கும். வயலில் காலை வெட்டிக்கொண்டபோது போட்ட ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும், 2021இல் வரிசையில் நின்று பெற்ற கொவிட் ஊசியும் "ஊசி போட்ட நான்" என்ற ஒரே பதிலுக்குள் அடங்கிவிடுகின்றன. மேலும், இன்புளுவன்சா வைரசு மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், தடுப்பூசியில் எந்த வகைகள் சேர வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஆகவே எந்த ஆண்டு என்று சொல்லாத பதில் அரைப் பதிலே.

வைத்தியசாலைப் பதிவின் குறை இதற்கு நேர்மாறானது. அங்கே எழுதியிருந்தால் பெரும்பாலும் நம்பலாம்; எழுதாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி இல்லாததால், பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டில் ஒவ்வொரு ஊசியையும் திகதியிட்டு எழுதும் ஒழுங்கு இதற்கு அமையவில்லை. காத்தான்குடியிலோ கல்முனையிலோ உள்ள ஒரு பெரியவர் ஹஜ் பயணத்துக்கு முன் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொண்டால், அவருடைய நீரிழிவுக் கிளினிக் கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பற்றுச்சீட்டு பணம் கட்டியதை மட்டுமே காட்டும். இதற்கு மாறாக, அவுஸ்திரேலியாவில் 2021 மார்ச் முதல், இந்த ஊசியை ஏற்றுவோர் அதைத் தேசியப் பதிவேட்டுக்கு அறிவிப்பது கட்டாயம்.

இதை வெறும் ஏட்டுப் பிழையாக நான் கருதவில்லை. போடாதவரைப் போட்டவராக எழுதினால், அவருக்குக் காய்ச்சல் வரும்போது பழி ஊசியின் மேல் விழும். போட்டவரைப் போடாதவராக எழுதினாலும் இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு மங்கி, ஊசியின் பயன் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும்.

எனவே கிளினிக்கில் விசாரிப்பவர்கள் "போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், எந்த மாதம், எங்கே, எதற்காக என்றும் கேட்க வேண்டும். போட்டுக்கொள்பவர்கள் மருந்தின் பெயர், தொகுதி (batch) இலக்கம், திகதி ஆகியவற்றைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாரி வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர்களில் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்தும் வையுங்கள். பதிவு எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கேட்காமல் விட்ட வெற்றிடமும் "போடவில்லை" என்ற பதிலும் ஒன்றல்ல, விசாரித்தும் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள்.